கொற்கைக் கப்பலின் சுமைதாங்கி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. நடுவில் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். அப்போது இந்த முதல் வரியை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் 'கொற்கை' என்று ஒரு கப்பல் நின்றது. அலைவாய் கப்பல் கம்பெனியின் உல்லாசக் கப்பல். கரையிலிருந்து பார்த்தால் ஒரு தெருவையே செங்குத்தாக நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். அத்தனை ஜன்னல், அத்தனை பால்கனி, சில பால்கனியில் அப்போதே துண்டு காய்ந்துகொண்டிருக்கும்.

அந்தக் கம்பெனி தோணியில் தொடங்கியது. கொழும்புக்கு உப்பும் வெங்காயமும் கொண்டுபோன தோணி. பிறகு ஆட்களை ஏற்றிப்போக ஒரு பழைய கப்பலை வாங்கினார்கள். அது கொஞ்சகாலம் நன்றாக ஓடியது. விமானச் சீட்டு மலிவானதும் ஆட்கள் பறந்து போய்விட்டார்கள், கப்பல் துருவேறி நின்றது. அந்த வீட்டு மருமகள் ஒருத்திதான், ஓர் ஊருக்குப் போய்ச்சேர நம் கப்பலுக்கு ஆள் வரவில்லை என்றால் போகட்டும், சொந்த ஊரிலிருந்து கொஞ்சநாள் தள்ளி இருக்க வருவார்கள் என்று யோசித்தாள். அறைகளுக்கு மெத்தை போட்டாள், மேல்தளத்தில் நீச்சல்குளம் கட்டினாள், இடியாப்பத்துக்கும் சொதிக்கும் தனியாக ஒரு சமையல்காரரை அமர்த்தினாள். ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களைக் கவனித்ததில் அவளுக்கு ஒன்று புரிந்தது. இரண்டு நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் கையிலிருக்கும் போனைப் பார்ப்பார்கள். வீட்டுக் கவலை டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறி வந்திருக்கும். அதை எப்படி இறக்குவது?

பல வருஷம் கழித்து, மூளை மருத்துவம் ஒரு படி மேலே போன பிறகு, அவள் பேத்தி தாட்சாயணி அதற்கு வழி கண்டுபிடித்தாள். கப்பலில் ஏறியதும் ஓர் அறை. அதற்குச் 'சுமைதாங்கி' என்று பெயர் வைத்தாள். அந்தக் காலத்துச் சாலையோரங்களில் பார்த்திருப்பீர்கள், இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். வழியே போகிறவர்கள் தலைச்சுமையை அடுத்தவர் கை உதவி இல்லாமல் அதில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் பேரில் வைக்கிற கல் அது. தாட்சாயணிக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் பொருத்தமாகப் படவில்லை.

இனி நம் ஆட்களிடம் வருகிறேன்.

வடிவாம்பாள் மயிலாடுதுறைக்காரி. அறுபதைத் தாண்டியவள். கூட வந்த கணவர் அம்பலவாணன் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர், பேசினால் பேசினதுதான் என்று நிற்பவர். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் தூத்துக்குடியே சொந்த ஊராகக் கொண்ட மரியபுஷ்பம். இரண்டு வயசு இளையவள். எங்கே நிற்கிறாளோ அங்கே பேச்சுத்துணை தேடிக்கொள்கிற சுபாவம். அவள் கணவர் ஞானப்பிரகாசமும் அம்பலவாணனும் ஆண்கள் வரிசையில் இருந்தார்கள்.

சுமைதாங்கியைப் பற்றித் தாட்சாயணியே வாசலில் நின்று எல்லோருக்கும் விளக்கினாள். வடிவு கொஞ்சம் பயந்துபோய், மூளையிலிருந்து எதையாவது எடுத்துவிடுவார்களா என்று கேட்டாள்.

"நினைவை எடுக்கறது இல்லைங்கம்மா. எல்லாம் உங்ககிட்டயேதான் இருக்கும். அதோட பல்லை மட்டும் கழற்றி வெச்சுக்கறோம். விஷயம் தெரியும், ஆனா கடிக்காது."

"திருப்பி வாங்கிக்காம அப்படியே இறங்கிப் போயிடலாமாக்கும்?" என்றாள் புஷ்பம்.

தாட்சாயணி சிரிக்கவில்லை. முதல் வருஷம் அப்படிச் சிலரை விட்டுவிட்டோம் என்றாள். ஒருவர் வீட்டில் கூரை ஒழுகியிருக்கிறது, கட்டிலைத் தள்ளிப் போட்டுப் படுத்துக்கொண்டாராம். அடுத்து மகள் பரீட்சைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறாள், ஏன் என்று அவர் கேட்கவில்லை. மனைவிதான் அழுதுகொண்டே அவரைத் திரும்பக் கூட்டிவந்தாளாம்.

"கவலைப்பட்டாத்தான் மனுஷன் எழுந்து எதையாவது செய்யறான். அதனால வாங்கிக்காம யாரையும் இறக்கறது இல்லை."

ஒவ்வொருவர் சுமையையும் அவரவர் குரலில் பூட்டுவதாக ஏற்பாடு. நாற்காலியில் உட்கார வேண்டும். ஒலிவாங்கியில், கல்யாணம் ஆனவர்கள் கணவன் அல்லது மனைவி பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். வாழ்நாளில் அதிகம் சொல்லிப் பழகிய பெயராக இருக்குமே, குரல் இயல்பாக வருமே என்று அந்தக் கருவியைச் செய்த இளைஞர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் குடும்பம் நடத்தி முடித்த பெண்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தனியாக உள்ளே போகப் பயமாக இருக்கிறது என்று புஷ்பம் கேட்டுக்கொண்டதால் இருவரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள். திரையை இழுத்து மூடினார்கள். வடிவு முதலில் உட்கார்ந்தாள். பதிவு செய்த ஒரு பெண்குரல் மென்மையாக, உங்கள் கணவர் பெயரைச் சொல்லுங்கள் என்றது. வடிவு வாயைத் திறந்தாள், மூடினாள். காது சிவந்துவிட்டது. மாமியார் இருந்தவரைக்கும் 'அம்பலம்' என்ற சொல்லே வாயில் வராமல் பார்த்துக்கொண்டவள். ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசும்போதுகூடச் சுற்றி வளைத்துத்தான் பேசுவாள். பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று படித்த மனசு நம்பாது, நாக்கு நம்பும்.

கருவி மறுபடி கேட்டது. வடிவு கழுத்தில் தொங்கிய அறை அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதில் இருவர் பெயரும் அச்சடித்திருந்தது.

"புஷ்பம், நீ கொஞ்சம் சொல்லேன்."

"ஐயோ அக்கா, நீங்களும் சொல்ல மாட்டியளா? நான் என்ன செய்யப் போறேன்னு பயந்துட்டு நின்னேன்," என்ற புஷ்பம், அட்டையைப் பார்த்துக் கணீரென்று மூன்று தடவை சொன்னாள். அம்பலவாணன், அம்பலவாணன், அம்பலவாணன்.

அப்புறம் புஷ்பம் உட்கார, வடிவு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஞானப்பிரகாசம் என்று மூன்று தடவை சொன்னாள். அடுத்தவள் புருஷன் பெயர் என்றால் நாக்குக்கு என்ன தடை? இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

புரிந்திருக்கும் உங்களுக்கு. வடிவின் சுமை புஷ்பத்தின் குரலில் பூட்டப்பட்டது. புஷ்பத்தின் சுமை வடிவின் குரலில்.

பயணம் எப்படி இருந்தது என்றால், இருவருக்கும் ஆயுளிலேயே அப்படி ஒன்று வாய்த்ததில்லை. கட்டிலில் துண்டை யானையாக மடித்து வைத்திருப்பார்கள். பிரிக்க மனசு வராமல் புஷ்பம் புடவைத் தலைப்பிலேயே முகம் துடைத்துக்கொள்வாள். இருவரும் புடவையோடு நீச்சல்குளப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தார்கள். அந்தமானைத் தாண்டிய அன்று கப்பல் ஆடியபோது, உப்பில் ஊறிய நெல்லிக்காயை வடிவு எல்லோருக்கும் பங்கு வைத்தாள். இறக்கி வைத்தது என்ன என்று மட்டும் ஒருத்தியும் மற்றவளைக் கேட்கவில்லை. கோயில் வாசலில் அடுத்தவர் செருப்பை யாராவது எடுத்துப் பார்ப்பார்களா? போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இறங்கும்போது ஒரே அவசரம். ஒற்றை ஆள் நிற்கிற சிறு சிறு கூண்டுகள். இந்தத் தடவை பெயர் கேட்கவில்லை. பயணம் பிடித்திருந்ததா என்று கருவி கேட்டது. ரொம்ப நல்லா இருந்துச்சு என்றாள் வடிவு. குரலை அடையாளம் கண்டுகொண்டது கருவி.

ரயில் மதுரையைத் தாண்டும்போதே வடிவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. இடது மார்பில் கட்டி. யாரிடமும் சொல்லவில்லை. காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்வார்களோ. கழிவறைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பது அந்தப் பயத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

மயிலாடுதுறையில் பெண் டாக்டரிடம் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறது, தைரியமாக இருங்கள் என்றார்கள். வெளியே வந்து ஆட்டோ ஏறுவதற்குள் மறுபடி அதே கலக்கம். இன்னொரு டாக்டரிடம் போனாள். அவரும் அதையேதான் சொன்னார். ஒன்றும் இல்லை என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் என்ன என்று அம்பலவாணன் கேட்டார்.

ஒரு நாள் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தாள். அந்தப் பயம் தனியாக வருவதில்லை, ஒரு படத்தோடு வருகிறது. நீல ஓடு பதித்த ஒரு குளியலறை. சோப்பு போடுகிற ஒரு கை. அந்தக் கை எதையோ தொட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. விரலில் சிலுவை பொறித்த மோதிரம்.

அவள் வீட்டுக் குளியலறை வெறும் சிமெண்டு. அந்த மோதிரத்தை அவள் நீச்சல்குளப் படியில் பார்த்திருக்கிறாள்.

கஞ்சிப் பானையை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். சுவரில் மகன் பொழிலன் படம். நாலு வருஷமாக அந்தப் படத்தை நேராகப் பார்க்க முடியாமல்தான் ஒருக்களித்து நடந்துகொண்டிருந்தாள். அவன் வங்கி வேலையை விட்டுவிட்டு, மன்னார் வளைகுடாவில் மிதக்கிற காற்றாலைக் கம்பங்களில் ஏறி வேலை செய்யப் போனான். இனி இந்த வாசல்படி மிதிக்காதே என்று அப்பா சொன்னார். அவன் மிதிக்கவில்லை. வடிவு போன் செய்வாள், 'பொழிலா' என்பதற்குள் அழுதுவிடுவாள், அவன் வைத்துவிடுவான். அப்புறம் அவள் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதை நிறுத்திவிட்டான். கடலுக்கு நடுவில் கம்பத்தின் மேல் நிற்கிற பிள்ளை சாப்பிட்டானா, காற்று அடிக்கிறதே, இடுப்புக் கயிற்றைக் கட்டினானா. கப்பலில் அவள் இறக்கிவைத்தது அதைத்தான்.

இப்போது அந்தப் படத்தை நேருக்கு நேர் பார்த்தாள். எதிர்வீட்டுப் பையன் படத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஊர் திரும்பி இத்தனை நாளில் அவனைப் பற்றி ஒரு தடவைகூட நெஞ்சு பதறவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

புஷ்பத்துக்குப் போன் போட்டாள்.

"புஷ்பம், ஒண்ணு கேட்கறேன், மறைக்காதே. உனக்கு இடது பக்கம் கட்டி இருக்கா?"

"ஆமாக்கா, கிடக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டணும்னுதான் இருந்தேன். முந்தி அதை நினைச்சு நினைச்சு உறக்கமே கிடையாது. இப்ப என்னமோ ஒண்ணும் தோணல. மச்சம் மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கு. நீங்க சாப்பிட்டியளா?"

பயப்பட வேண்டியவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாள். பயம் இங்கே இருக்கிறது, கட்டி அங்கே இருக்கிறது.

கம்பெனிக்குப் போன் செய்து தாட்சாயணியைப் பிடித்தாள். கணவன் பெயரைச் சொல்லாத விஷயத்தை வெட்கத்தோடு சொன்னாள். தாட்சாயணி உடைந்த குரலில், தவறு எங்களுடையது என்றாள். மாற்றித் தருவதற்குக் கப்பலில் இருக்கிற கருவி வேண்டும். கப்பலோ பழுதுபார்க்கப் போயிருக்கிறது, பொங்கல் கழிந்துதான் வரும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது, நானே அந்தம்மாவிடம் பேசுகிறேன் என்றாள். பேசவும் செய்தாள். நல்ல டாக்டரை ஏற்பாடு செய்து, வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டாள். புஷ்பம் ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லி, கிறிஸ்துமஸ் வேலை கிடக்கிறது, பலகாரம் சுடணும், எல்லாம் முடியட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

ஞானப்பிரகாசத்திடம் சொல்லிவிடலாமா என்று வடிவு யோசித்தாள். புஷ்பம் அவரிடம் சொல்லாத ஒன்றை மூன்றாம் மனுஷி எப்படிச் சொல்வது? துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, புஷ்பத்துக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அம்பலவாணனிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

புஷ்பம் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். வடிவைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை, சூடாக இரண்டு எடுத்துக் கையில் கொடுத்தாள். வடிவு அடுப்பை அணைத்தாள். கட்டி என்றால் என்னவெல்லாம் ஆகலாம் என்று, இத்தனை நாள் தன்னை அரித்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். புஷ்பம் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள். உண்மைதான் அக்கா, பார்க்கணும்தான் என்றாள். கண் எண்ணெய்ச் சட்டி மேலேயே இருந்தது. இப்படிப்பட்டவளைப் பயமுறுத்தி எழுப்ப முடியாது என்று வடிவுக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் பயப்படுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வடிவு தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உறக்கம் இல்லை புஷ்பம். சோறு இறங்கலை. நீ போய்க் காட்டினாத்தான் எனக்கு இது விடும். உனக்காக வேண்டாம். எனக்காக வா."

புஷ்பம் கையைக் கழுவினாள். "உங்களுக்காகன்னா வாரேன். அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, சும்மா இருக்கமாட்டாமல் புஷ்பம் தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள். எனக்கு மூன்றும் பெண்கள், கட்டிக்கொடுத்துவிட்டேன், நன்றாக இருக்கிறார்கள். ஆனால் கப்பலிலிருந்து இறங்கினது முதல் ஒரு பையன் நினைப்பாகவே இருக்கிறது, காற்று அடித்தால் எழுந்து வாசலுக்குப் போகிறேன், ஒரு போன் நம்பர் நாக்கிலேயே நிற்கிறது என்றாள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அந்த நம்பரைப் போட்டுவிட்டாளாம். யாரோ ஒரு பையன் எடுத்தானாம். யார் எவர் என்று சொல்லாமல், சாப்பிட்டியாப்பா, கயித்தைக் கட்டிக்கிட்டியா என்று கேட்டிருக்கிறாள். அவன் தப்பான நம்பர் என்று வைத்திருக்கிறான். மறுநாளும் போட்டிருக்கிறாள். இப்போது தினமும் பேசுகிறார்களாம்.

"பெயர் பொழிலனா?" என்றாள் வடிவு.

"ஆமா. உங்களுக்குத் தெரியுமா?"

"என் பையன்."

புஷ்பம் அவளை உற்றுப் பார்த்தாள். இப்படிப்பட்ட செய்தியை வாங்கிக்கொண்ட முகமாகவே அது இல்லை. நல்லா இருக்கானா, சரி, நம்ம சுமை ரெண்டும் மாறிப்போச்சு என்று வடிவு சொல்லிவிட்டு டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வடிவு புஷ்பத்தின் வீட்டிலேயே இருந்தாள். விஷயம் தெரிந்து ஞானப்பிரகாசம் இடிந்துபோனார். ஒரே வீட்டில் வடிவும் அவருமாகப் பயந்துகொண்டிருக்க, புஷ்பம் இருவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். ஆனால் சின்னது. அறுவை சிகிச்சை செய்தார்கள். செய்துவிட்டு வெளியே வந்த டாக்டர் அம்மா முகக்கவசத்தைக் கழற்றியபடி சொன்னாள்:

"எங்கேயும் பரவலை. முழுசா எடுத்தாச்சு. பொங்கல் வரைக்கும் விட்டிருந்தா வேற கதை."

வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டாள். கட்டிவைத்த மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி உடம்பில் ஏதோ ஒன்று ஓடிப்போனது. நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவளுக்கு அழகாகத் தெரிந்தார்கள்.

மறுநாள் அந்த நடைபாதையில், காற்றில் கறுத்துப்போன ஒரு பையன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தான். தினம் திட்டுகிற அந்த அத்தை இரண்டு நாளாகப் போன் செய்யவில்லையே என்று, அவள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தவன் பொழிலன். கட்டில் பக்கத்தில் அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். இப்போது அழுவாள் என்று காத்திருந்தான்.

வடிவு அழவில்லை. "வா. சாப்பிட்டியா? சட்டைக் காலர் கிழிஞ்சிருக்கு பாரு," என்றாள்.

அவ்வளவுதான். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் மீன்கூட்டம் நிழல் மாதிரி நகர்வதைப் பற்றிச் சொன்னான். நாலு வருஷத்தில் அம்மாவும் மகனும் இடையில் அறுந்துபோகாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவனைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் படுத்திருந்த புஷ்பத்தின் கண்ணீர் தலையணையை நனைத்தது. வலிக்கிறதா என்று நர்ஸ் ஓடிவந்து கேட்டாள்.

பொங்கலன்று பொழிலன் மயிலாடுதுறைக்குப் போனான். வாசலில் நின்றான். அம்பலவாணன் செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, வெயில்ல ஏன் நிக்கறே என்றார். அவன் படியேறினான். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது என்று அவனுக்கும் தெரியும். வடிவு அடுப்படியில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் திரும்பி வந்ததும் தாட்சாயணி இருவரையும் அழைத்தாள். அந்தத் திரைக்குள் இப்போது வேறு அறிவிப்பு ஒட்டியிருந்தது. கணவர் பெயர் வேண்டாமாம், பிறந்த ஊரின் பெயரைச் சொன்னால் போதுமாம், அதுவும் உட்கார்ந்திருப்பவர் மட்டும். அந்த அறையையே மூடிவிடலாமா என்று பல நாள் யோசித்ததாக அவள் சொன்னாள். இருவரையும் உட்காரவைத்துக் கருவியை ஓட்டினாள். கருவியின் திரையைப் பார்த்தாள், மறுபடி ஓட்டினாள்.

"மாற்றித் தர ஒண்ணுமே இல்லைங்கம்மா. உங்ககிட்ட இருந்த அவங்க பயம் கரைஞ்சு போச்சு. அவங்ககிட்ட இருந்த உங்க கவலையும் கரைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் வெறுங்கையா இருக்கீங்க."

புஷ்பம் கைதட்டப் போனாள். வடிவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நாலு வருஷம் கழிச்சு என் பிள்ளை வாசப்படி ஏறினான்," என்றாள் வடிவு. "நான் பாலைப் பார்த்துக்கிட்டு நின்னேன். இப்பக்கூட அவனை நினைச்சா எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வரவேண்டிய ஒண்ணு வரலை. அது எங்கேம்மா போச்சு?"

தாட்சாயணிக்குத் தெரிந்திருந்தது. கவலை யாரிடம் இருந்ததோ அவளுக்குத்தான் நிம்மதியும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மகன் வந்த நிம்மதி புஷ்பத்துக்கு. உயிர் பிழைத்த நிம்மதி வடிவுக்கு. அதை மாற்றித் தர முடியுமா என்று வடிவு கேட்டாள்.

"இந்த மிஷின் எடை இருக்கறதைத்தான் தூக்கும். நிம்மதிக்கு எடை இல்லைங்க. அதைப் பிடிக்கத் தெரியாது," என்றாள் தாட்சாயணி, தலையைக் குனிந்துகொண்டு.

புஷ்பம்தான் எழுந்து வடிவின் கையைப் பிடித்தாள். "மிஷினு கிடக்கட்டும். எனக்கு வாய் இருக்குல்லா? வாங்க."

இருவரும் மேல்தளத்துக்குப் போய் நீச்சல்குளப் படியில் உட்கார்ந்தார்கள். வடிவைத்தான் முதலில் சொல்லச் சொன்னாள் புஷ்பம். டாக்டர் வந்து சொன்னபோது சுவர் எப்படிக் கையில் சில்லென்று இருந்தது, கால் எப்படித் தானாக மடங்கியது, மருந்து வண்டி தள்ளிக்கொண்டு போன பெண்ணின் சீவாத தலைகூட எப்படி அழகாக இருந்தது என்று வடிவு சொன்னாள். கேட்கக் கேட்கப் புஷ்பத்தின் கை தானாகப் போய்ப் புடவைக்கு மேலே தழும்பைத் தொட்டது. அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குத் தான் தப்பித்தது உறைத்தது. "யம்மா," என்றாள் மெதுவாக. "நான் செத்திருப்பேன்லா." வடிவின் தோளில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இனி உங்க பங்கு என்றாள்.

"முதல் நாள் தப்பான நம்பர்னு வெச்சுட்டான். மறுநாள், யாருங்க நீங்க, எதுக்கு இப்படிப் பண்ணுறீங்கன்னான். யாரா இருந்தா உனக்கென்ன, கயித்தைக் கட்டினியா இல்லையா, அதைச் சொல்லுன்னேன். சத்தமே இல்லை. காத்து மட்டும் உய்யுன்னு கேக்கு. அப்புறம் கொக்கி மாட்டுற சத்தம் கேட்டுச்சு அக்கா, டக்குனு. எனக்கு அப்படியே அடிவயிறு இளகிப்போச்சு. அப்ப அவன் சொன்னான், 'கட்டிட்டேம்மா'ன்னு. அவனுக்கே தெரியாம வாய் தவறி வந்துருச்சு."

வடிவின் ஒரு கை அடிவயிற்றைப் பிடித்திருந்தது.

கீழே சங்கு ஊதியது. புறப்படுகிற நேரம், பயணிகள் அல்லாதவர்கள் இறங்க வேண்டும். ஏணிப்பாலத்தை எடுக்க வந்தவர்களைத் தாட்சாயணி கை காட்டி நிறுத்திவிட்டு, மேல்தளத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னன்னு சொன்னான்?" என்று கேட்டாள் வடிவு. குரல் நனைந்துவிட்டது. "இன்னொரு தடவை சொல்லு. அந்தக் கொக்கி சத்தத்துல இருந்து சொல்லு."